இன்ஜின் மேல் உட்கார்ந்து வந்தவர்

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டுகிற மெக்கானிக்குகளைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் மெக்கானிக் அந்த ரகம் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறுவார். ஏறி, இன்ஜின் மேலேயே உட்கார்ந்துவிடுவார்.

"நீங்க எங்கண்ணே?" என்று டிரைவர் கேட்டால், "கூட வர்றேன்" என்பார்.

வத்தலக்குண்டு போகிற லாரி என்றால் வத்தலக்குண்டு வரை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் என்றால் மார்க்கெட் வரை. லோடு இறங்கியதும் ஒரு டீயைக் குடித்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மலையேறிவிடுவார். மறுநாள் வெள்ளனே பெருமாள்மலையில், பழனி ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கும் அவருடைய தகர ஷெட் திறந்திருக்கும்.

பழைய லாரியில் ஏறியவர்களுக்குத் தெரியும், டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில் இன்ஜின் புடைத்துக்கொண்டு நிற்கும். மேலே ஒரு தகர மூடி, அதன்மேல் கிழிந்த மெத்தை. அந்தச் சூட்டில் யாரும் விரும்பி உட்காரமாட்டார்கள். இவர் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வெறும் காலையும் அந்தத் தகரத்தில் பதித்துக்கொள்வார்.

"பாதம் பொசுங்கலையாண்ணே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"காதுக்கு எட்டுறதுக்கு முந்தியே காலுக்கு எட்டிரும் தங்கச்சி. லொறி பொய் சொல்லும். தகரம் சொல்லாது."

அவர் வாயில் லாரி எப்போதும் லொறிதான். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பையனாக இங்கே வந்து சேர்ந்தவர். அறுபது தாண்டியும் அந்த ஒரு சொல்லை மட்டும் இந்த ஊரால் மாற்ற முடியவில்லை. டிரைவர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் 'சீனியர் கிளீனர்' என்பார்கள். முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். "ஆமாண்டா, பட்டா எழுதி வாங்குன சீட்டு இது, எந்திரிக்க மாட்டேன்" என்பார்.

நான் பூண்டிக்காரி. என் வீட்டுக்காரர் காய்கறி வியாபாரி. கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு என்று தோட்டக்காரர்களிடம் வாங்கி, எங்கள் சொந்த லாரியில் கீழே அனுப்புவோம். சொந்த லாரி என்றதும் பெருமையாக நினைத்துவிட வேண்டாம். ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கிற பழைய டீசல் இன்ஜின். எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது, எங்கள் கல்யாணத்தைப் போலவே சத்தமும் போடும். அதனால்தான் அந்த மனிதர் எங்கள் வீட்டில் பாதி ஆள் ஆகிவிட்டார்.

அவர் கூட வருவது லாரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை எங்கள் கிரைண்டர் நின்றுபோனது. வந்த இடத்தில் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். பார்த்தார், கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. உளுந்து அரைபட்டு முடியும் வரை கிரைண்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அரிசியும் அரைபட்டது. சரி, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வாசலில் நிற்கிறார்.

"என்னண்ணே?"

"இட்லி எப்படி வந்திருக்குன்னு பாக்கணும்ல?"

எட்டு இட்லி பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு பேரோடு கூடப் போகிற மனிதர் வீட்டுக்காரியோடு போனாரா என்றால், அதுதான் இல்லை. அந்த அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எனக்கு ஆறு சிலிண்டர் இல்லாமப் போச்சேம்மா. இருந்திருந்தா ஒரு சினிமாவுக்காச்சும் கூட வந்திருப்பாரு." மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில்கூட, மனிதர் தாண்டிக்குடி தாண்டி யாருடைய லாரியிலோ கால் பதித்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் சாப்பிட்டு வெற்றிலை போடுகிற நேரத்தில் கரிக்கையோடு வந்து நின்றாராம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை எவ்வளவு பிடிக்குமோ, அந்த நேரத்தில் அவ்வளவு கோபமும் வந்தது.

வேலை செய்கிற விதமும் அவருடையது தனி. மிஸ்ஸிங் என்று வண்டி வந்தால், அதாவது ஆறில் ஏதோ ஒன்று சரியாக எரியாமல் வண்டி உதறினால், அவர் உடனே எதையும் பிரித்துப்போட மாட்டார். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்குத் தீனி நின்றுவிடும். அப்போது சத்தம் தடுமாறினால் அது நல்ல சிலிண்டர், இவ்வளவு நேரம் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவார். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அங்கே நின்று சிரிப்பார்.

"இவந்தான். இவன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"எங்க வீட்லயும் இப்பிடி ஒவ்வொருத்தரா அவுத்துப் பாக்கலாமாண்ணே?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பாக்கலாம். திருப்பி இறுக்கத் தெரியணும்" என்றார்.

இன்னொன்று. கீழே ஒட்டன்சத்திரத்தில் டீசல் பம்பைக் கூட்டி வைத்து அனுப்பினால், மேலே பூண்டிக்கு வந்ததும் வண்டி கரும்புகை கக்கும். மேலே காற்று லேசு, போகிற டீசல் எரிவதற்கு அது போதாது. மேலே வைத்துக் குறைத்தால், கீழே இழுவை இருக்காது. இவர் இரண்டு இடத்திலும் தொடமாட்டார். லோடு ஏற்றி, பாதி மலையில், தன் ஷெட் வாசலில் நிறுத்தித்தான் ட்யூன் செய்வார். வெறும் வண்டியைக் கொண்டுபோனால், "பசிக்காதவன்ட்ட ருசி கேக்கச் சொல்றியா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எத்தனை பேர் ஷெட் வாசலில் நின்று கத்தினாலும், எத்தனை கேரட் வாடினாலும் அதில் மாற்றம் கிடையாது.

அவர் ஏற மறுத்ததை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கூக்கால் ஊர்க்காரர் ஒருவருடைய வண்டி. பிரேக்கில் ஏதோ மாற்ற வேண்டும் என்று இவர் சொல்ல, அவர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு இவர் சண்டை போடவில்லை. "நல்லதுங்க. நா ஏறல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த லோடுமேன்கள் அதைக் கேட்டார்கள். அன்றைக்கு மாலைக்குள் விஷயம் மேல்மலை பூராவும் போய்விட்டது. அந்த வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. மறுநாளே பிரேக் மாற்றப்பட்டது. இவரும் சாக்கை மடித்துக்கொண்டு ஏறிப்போனார்.

இப்போது அவர் திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, லாரிப் படி ஏற முடியாது. அதற்காக விட்டுவிடுவாரா? போன் வந்துவிட்டதே. என் தம்பி வண்டியை எடுத்தால், "போனத் தூக்கி அந்தத் தகரத்து மேல வைடா ஏலே" என்று வீடியோவில் மிரட்டுவார். இவனும் வைப்பான். பூண்டியில் சிக்னல் அறுபட்டுவிடும், மன்னவனூர் பக்கம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். "மூணாவது ஆளுக்கு டேப்பட் கொஞ்சம் தளந்திருக்குடா" என்று அங்கிருந்தே சொல்வார். பாதி நேரம் அது அவர் மகள் வீட்டு மிக்சி சத்தமாக இருக்கும். ஆனாலும் தம்பி மூன்றாவது சிலிண்டரின் வால்வைத் தட்டுகிற அந்த டேப்பட்டை ஒருதடவை பார்த்துவிடுவான்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். அவன் டிரைவர் சீட்டில் இன்னும் உட்கார்ந்திருப்பதே அந்த மனிதரால்தான்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு டிஸ்க் விலகியதிலிருந்து லாரியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வண்டியை ஓட்டியது என் கூடப்பிறந்த தம்பி. அக்கா வீட்டு வண்டியைத் தம்பி ஓட்டினால் அக்காவின் கதி என்ன என்று கேட்காதீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வண்டி ஒழுங்காக ஓடும் வரை இடி மெதுவாக விழுந்தது.

ஒரு மழைக்காலத்தில் வண்டி ஓர் இடத்தில் நிற்க ஆரம்பித்தது. பூண்டியில் கேரட் ஏற்றி, பண்ணைக்காட்டில் சௌசௌ ஏற்றி, தாண்டிக்குடி வழியாக மலையிறங்குவான். இறங்கும் வரை ஒரு குறையும் இல்லை. அடிவாரம் வந்து, அய்யம்பாளையம் நெருங்கும்போது சமதளத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால், இன்ஜின் உதறும், இருமும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, கையால் பம்பை அடித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அதற்குள் மார்க்கெட்டில் ஏலம் முடிந்திருக்கும். கேரட் கேட்பாரற்றுக் கிடக்கும். எப்போதும் நிற்காது, சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. கீழே ஒரு பட்டறையில் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலை மாற்றினார்கள், பம்பை இறக்கி ஏற்றினார்கள். அங்கே ஓட்டிப் பார்த்தால் வண்டி தங்கம்.

சனியன் பிடித்த வண்டி, நின்ற இடமாவது வேறு இடமாக இருந்திருக்கலாம். அது நின்றதெல்லாம் ஒரு டீக்கடைப் பக்கமாகவே நின்றது. கடை ஒரு விதவை அம்மாவுடையது. கூட ஒரு மகள். நர்சிங் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தாள். போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "வண்டி நிக்கல, நிறுத்துறான்" என்று மார்க்கெட்டில் யாரோ சொல்லி, அது மலையேறி என் வீட்டுக்காரர் காதுக்கு வந்து சேர்ந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒந்தம்பி சாவியக் குடுத்துட்டுப் போகட்டும். வேற டிரைவர் பாத்துக்கறேன். தோட்டக்காரனுக்குப் பதில் சொல்றது நான், அவன் இல்ல." மாமனும் மச்சானும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இந்த அறையிலிருந்து அந்த அறைக்குச் செய்தி கொண்டுபோகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தம்பியோ, "நான் நிறுத்தலக்கா" என்று ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறான். காது மட்டும் சிவந்துபோகிறது. அந்த ஸ்டியரிங்கை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அவன் அப்படிப் போனால், அந்த வீட்டில் என்னால் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடவும் முடியாது.

பெருமாள்மலைக்குப் போய் ஷெட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. "மேலயும் நல்லாருக்கு, கீழயும் நல்லாருக்குன்னா நோவு நடுவுல இருக்கு. கூட வர்றேன்" என்றார்.

முதல் தடவை கூடப் போனார். நல்ல வெயில். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒட்டன்சத்திரம் வரை பாட்டுப் பாடிக்கொண்டு போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். "ஆள் உக்காந்திருந்தா நிக்காது. பாத்தியா?" என்றார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. இனி அந்த மனிதரே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் விடவில்லை. "நோவு எனக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கு. அடுத்த வாரமும் வருவேன்" என்றார். அடுத்த வாரம் நானும் ஏறிக்கொண்டேன். பூண்டியிலிருந்தே மழை. கண்ணாடியில் துடைப்பான் ஒருபக்கம் மட்டும் வேலை செய்தது. கேபினுக்குள் ஈர சாக்கு வாசமும் டீசல் வாசமும். தம்பி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேசினால் அழுதுவிடுவான் போல இருந்தது. அந்த நேரத்தில்தான், ஏன் இப்படி எல்லோர் கூடவும் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறவர், அன்றைக்கு என்ன நினைத்தாரோ.

"கப்பல விட்டு எறங்கி, ரயில்ல ஏத்தி, கொடைரோட்டுல எறக்கிவுட்டாங்க தங்கச்சி. எங்கம்மா, நாங்க புள்ளைங்க நாலு. கையில ஒரு தகரப் பொட்டி. எங்க போறதுன்னு அம்மா கேட்டா எல்லாரும் கை காட்டுறாங்க. அந்தா மலை, மேல போ, எஸ்டேட்டுல வேலை குடுப்பாங்க. நல்லவங்கதான், கோவமா ஒருத்தரும் சொல்லல. வழி சொல்ல அத்தன பேரு இருந்தாங்க. கூட வர ஒருத்தரும் இல்ல." காலைத் தகரத்தில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "ஏலே, ரெண்டாவது கியர்ல எறங்கு. பிரேக்கப் போட்டு வறுக்காத."

அடிவாரம் இறங்கினோம். மழை இல்லை. தம்பி வேகமெடுத்தான். அந்த இடம் வந்தது. இன்ஜின் உதறியது.

அவர் கையைத் தூக்கி எங்களை வாயை மூடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். "ஒருத்தன் இல்லடா. ஆறு பேரும் ஒண்ணா அடங்குறாங்க. அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல பசி" என்றார். சொல்லி முடிக்கவும் வண்டி நின்றது. டீக்கடைக்குச் சற்று முன்னால்.

எங்கள் வண்டியில் டீசல் அளவு காட்டுகிற முள் வேலை செய்து பல காலம். அதனால் நின்றதும் தம்பி எப்போதும் செய்வதைத்தான் செய்தான். இறங்கிப் போனான், குச்சி விட்டு அளவு பார்க்க டேங்க் மூடியை அவிழ்த்தான். அவிழ்த்ததும் உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. 'டம்' என்று அதன் விலாவில் ஒரு ஒடுக்கம் நிமிர்ந்தது.

அந்த வயதில் ஒரு மனிதர் லாரியிலிருந்து அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. வெறுங்காலோடு ஓடிப்போய் மூடியைப் பிடுங்கினார். மூடி முழுக்க உரச்சாக்கின் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இத எவன்டா கட்டுனது?"

"நாந்தாண்ணே."

"எந்த மடையன்டா கட்டச் சொன்னது?"

தம்பி என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "நீங்கதாண்ணே. மேல மழத்தண்ணி மூடி ஓட்ட வழியா டேங்குக்குள்ள எறங்குது, இறுக்கிக் கட்டுங்கடான்னு ஷெட்டுல வச்சு எல்லாருக்கும் சொன்னீங்கள்ல?"

மனிதர் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

விஷயம் இவ்வளவுதான். கொடைக்கானலில் குடித்துவிட்டு மூடி வைத்த காலித் தண்ணீர் பாட்டில், வத்தலக்குண்டு வரும்போது ஒடுங்கிப் போயிருக்குமே, பார்த்திருப்பீர்கள். மேலே லேசான காற்று, கீழே கனத்த காற்று. மூடியில் இருக்கிற சின்ன ஓட்டை, டேங்க் மூச்சு வாங்குவதற்கு. அதை மேலேயே கட்டிவிட்டால், இறங்க இறங்க டேங்க் ஒடுங்கும், டீசலை வெளியே விடாது. இறக்கத்தில் இன்ஜினுக்கு டீசல் அவ்வளவாகத் தேவையில்லை. சமதளத்தில் மிதித்தால்தான் பசி தெரியும். மூடியை அவிழ்த்து அளவு பார்த்தால் மூச்சு வந்துவிடும், நோய் போய்விடும். மழை இல்லாத நாளில் தம்பி கட்டுவதில்லை, வண்டி நிற்பதும் இல்லை.

மறுநாளிலிருந்து அவரைப் பெருமாள்மலை ரோட்டில்தான் பார்க்க முடிந்தது. கையில் கத்தி. வருகிற காய்கறி வண்டியை எல்லாம் மறித்து, டேங்க் மூடியின் கட்டை அறுத்துக்கொண்டே, "நாஞ்சொன்னது தப்பு, ஒரு சுத்துத் துணி போதும், நாஞ்சொன்னது தப்பு" என்று கத்திக்கொண்டிருந்தார். தப்புச் சொன்னதை இவ்வளவு சந்தோஷமாக ஊருக்குச் சொன்ன மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் நம்ப வேண்டுமே. "தம்பிக்கு அக்கா சாட்சி. அக்காவுக்கு மெக்கானிக்கு சாட்சி. ஒரு பிளாஸ்டிக் தாளு ஆறு சிலிண்டர நிறுத்துச்சாம். காதுல பூ சுத்துறீங்களா?" என்றார். புது டிரைவருக்குச் சொல்லியும்விட்டார். வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலையில் அந்த மனிதர் பூண்டிக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் தாளும் சைக்கிள் டியூபும் கையில்.

"ஓனரே, இத நீங்களே கட்டுங்க. ஒங்க கையால கட்டுங்க. கட்டிட்டுக் கூட வாங்க."

"டாக்டர் ஏறக்கூடாதுன்னுருக்காரு."

"டாக்டரு கூட வர்றாரா? நா வர்றேன்ல."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம். மூடியைத் தன் பலம் முழுவதும் போட்டுக் கட்டினார். நான் பின்னால் ஒரு தலையணை வைத்தேன், இடுப்புக்கு ஒன்று, பக்கத்தில் ஒன்று. சின்னத் தூறல். தம்பி ஸ்டியரிங்கில். என் வீட்டுக்காரரும் நானும் இந்தப் பக்கம். நடுவில், இன்ஜின் மேல், அவர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். தம்பி பள்ளம் பார்த்துப் பார்த்து, கர்ப்பிணியை ஏற்றிப் போவது போல ஓட்டினான். அதை என் வீட்டுக்காரர் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அய்யம்பாளையம் பக்கம் வந்தது. உதறியது. இருமியது. நின்றது.

யாரும் இறங்கவில்லை. அந்த மனிதர் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். இவர் கதவைத் திறந்து, படியைப் பிடித்து, முனகிக்கொண்டே இறங்கினார். தான் கட்டிய கட்டைத் தானே அவிழ்த்தார். உஸ்ஸ்ஸ். டம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதே நேரம் டீக்கடையிலிருந்து அந்தப் பெண் ஒரு கண்ணாடி டம்ளரில் டீயோடு வேகமாக வந்தாள். யாரும் கேட்காத டீ. வண்டி நின்றால் கொண்டுவருவது வழக்கம் போலிருக்கிறது. வண்டிக்குள் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். முன்னால் வரவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. டம்ளர் கையைச் சுட்டிருக்க வேண்டும், கை மாற்றிக்கொண்டாள். தம்பியின் காது மிளகாய்ப்பழம் ஆகிவிட்டது. வண்டி தானாக நின்றது என்பது உண்மை. நின்றதில் பயலுக்கு வருத்தம் இல்லை என்பதும் உண்மை. எனக்கே அப்போதுதான் முழுசாக விளங்கியது.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். ஏலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் வீட்டைத் தலைகீழாக்குகிற மனிதர் இவர்.

"மாப்ள" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "சாவிய எடுத்துட்டு எறங்கி வா. அது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

தம்பி இறங்கி வந்தான்.

"ஏலம் கெடக்கு. அந்தப் பொண்ணோட அம்மாட்டப் பேசணும். நீயும் வா" என்றார் என்னிடம். தலையணையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே டீக்கடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான்கு அடி வைத்துத் திரும்பி, "அண்ணே, நீங்களும் வாங்க. பெரியாளு ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்" என்று கூப்பிட்டார்.

அந்த மனிதர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்துகொண்டிருந்த மேல்மலை பஸ்ஸுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு நா கூட வரக் கூடாது ஓனரே. இது வீட்டுப் பேச்சு, நீங்க மூணு பேரும் போங்க" என்றார்.

பஸ் நின்றது. அவர் ஏறிக்கொண்டார்.